பொன்னியின் செல்வனை எதில் படிப்பது? அச்சா, ஆடியோவா, கிண்டிலா: முழுமையான வழிகாட்டி

2022இல் படம் வந்ததிலிருந்து என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி இது: "பொன்னியின் செல்வன் படிக்க ஆசையா இருக்கு. புத்தகமா வாங்கட்டுமா, ஆடியோவில் கேட்டுக்கட்டுமா, கிண்டில் போதுமா?" கேட்பவர்களில் பாதிப் பேர் ஏற்கெனவே ஒருமுறை தொடங்கி, முதல் பாகம் முடிவதற்குள் விட்டவர்கள். கதை பிடிக்காமல் விட்டவர் ஒருவர்கூட இல்லை. ரயிலில் நின்றுகொண்டே போகிறவர் இரண்டு கிலோ புத்தகத்தை வாங்கியிருப்பார். பெயர்களை எழுத்தில் பார்த்தால்தான் மனதில் நிற்கும் என்கிறவர் ஆடியோவில் தொடங்கியிருப்பார். அங்கேதான் பிசகியிருக்கிறது.

நான் இதை மூன்று விதத்திலும் முழுதாக முடித்திருக்கிறேன். பள்ளி நாளில் வீட்டிலிருந்த பைண்டு புத்தகத்தில், வேலைக்குப் போன பிறகு பஸ்ஸில் காதில் மாட்டிக்கொண்டு, கடைசியாக ஆறு அங்குலக் கிண்டிலில். அந்த அனுபவத்தை வைத்தே எழுதுகிறேன்.

முதலில் அளவு தெரிய வேண்டும்

கல்கி இதை 1950 முதல் 1954 வரை தம் வாரப் பத்திரிகையில் தொடராக எழுதினார். ஐந்து பாகங்கள். புது வெள்ளம் 57 அத்தியாயம், சுழற்காற்று 53, கொலை வாள் 46, மணிமகுடம் 46, தியாக சிகரம் 91. மொத்தம் 293. இந்த எண்களைப் போனில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். எந்த வடிவத்தில் வாங்கினாலும் சரிபார்க்க இதுதான் கைகொடுக்கும். அச்சில் பதிப்பைப் பொறுத்து 2,000 பக்கத்தைத் தாண்டும்.

பயந்துவிட வேண்டாம். வாரா வாரம் வந்த தொடர் என்பதால் அத்தியாயங்கள் சிறியவை. ஒவ்வொன்றும் அடுத்ததைத் தேட வைக்கிற இடத்தில் நிற்கும். தினம் இரண்டு அத்தியாயம் என்றால் ஐந்து மாதத்தில் முடியும். ஒரே வாரத்தில் முடித்தேன் என்பவர்களும் உண்டு. ஆனால் வாசகர்களை வாரம் முழுக்கக் காக்க வைக்கவென்று எழுதிய கதை இது. தினம் கொஞ்சம் என்று போகும்போதுதான், வேலை நடுவில் 'அந்தப் படகு என்ன ஆகியிருக்கும்' என்று மனம் தானாக ஓடும். ஆகவே உங்கள் நாளில் தினமும் இருபது நிமிடம் எந்த வடிவத்துக்குக் கிடைக்கும் என்பதுதான் முதல் கேள்வி.

மூன்று நாள் கணக்கு எழுதுங்கள்

காசு போடுவதற்கு முன்னால் ஒரு துண்டுச் சீட்டில் மூன்று நாளுக்குக் குறியுங்கள். எப்போதெல்லாம் இருபது நிமிடம் சும்மா கிடைக்கிறது? அந்த நேரத்தில் கண் சும்மா இருக்கிறதா, காது மட்டும்தானா, கை எப்படி?

காலையில் சமையல், வண்டி ஓட்டுவது, நடைப்பயிற்சி என்று வந்தால் அது காதின் நேரம். புறநகர் ரயிலில் ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி நிற்கிறீர்கள் என்றால் ஒற்றைக் கையில் அடங்கும் கருவிதான் சரி. இரவு சாப்பாட்டுக்குப் பிறகு வீடு அடங்கி அரை மணி நேரம் உட்கார முடிகிறதா? அது புத்தகத்தின் நேரம். பெரும்பாலானவர்களுக்கு இரண்டு வகையும் வரும். அப்படி வந்தால் இரண்டையும் கலந்து படிப்பது எப்படி என்று கடைசியில் சொல்கிறேன்.

முதல் முறையா, மறு வாசிப்பா?

இதில் எனக்குத் திடமான கருத்து உண்டு. முதல் முறை படிப்பவர்கள் குறைந்தது முதல் பாகத்தையாவது கண்ணால் படிக்க வேண்டும். அச்சானாலும் சரி, கிண்டிலானாலும் சரி.

பெயர்கள்தான் காரணம். ஆழ்வார்க்கடியான் என்பவர்தான் திருமலையப்பன். நந்தினியும் பழுவூர் இளைய ராணியும் ஒருவரே. அருள்மொழிவர்மரையே பொன்னியின் செல்வர் என்பார்கள். வந்தியத்தேவனை ஒருவர் வல்லவரையன் என்பார், இன்னொருவர் வாணர் குலத்து வீரன் என்பார். பழுவேட்டரையர்கள் இருவர், பெரியவரும் சின்னவரும். எழுத்தில் படிக்கும்போது நான்கு பக்கம் பின்னால் புரட்டி 'இவர் பெரியவரா சின்னவரா' என்று பார்த்துக்கொள்ளலாம். ஆடியோவில் அதைத் தேடுவதற்குள் கதை அடுத்த ஊருக்குப் போய்விடும்.

ஊர்களும் அப்படித்தான். வீரநாராயண ஏரிக்கரையில் தொடங்கிய வந்தியத்தேவன் கடம்பூர், குடந்தை, தஞ்சை, பழையாறை, கோடிக்கரை என்று போய்க் கடல் கடந்து இலங்கைக்குப் போகிறான். முதல் முறை படிக்கும்போது நோட்டின் கடைசிப் பக்கத்தில் இந்த ஊர்களைக் கோடு போட்டு இணைத்து ஒரு சின்ன வரைபடம் போட்டுக்கொள்ளுங்கள். அழகாக இருக்க வேண்டியதில்லை. யார் எந்த ஊரில் யாரைச் சந்தித்தார்கள் என்று பக்கத்தில் எழுதினால் போதும். இரண்டாம் பாகத்தில் அந்தத் தாள் உங்களைக் காப்பாற்றும்.

படம் பார்த்துவிட்டு வருபவர்களுக்கு முகங்கள் தெரியும் என்பதால் பெயர்க் குழப்பம் குறைவு. ஆனால் படம் கதையைப் பல இடங்களில் சுருக்கியும் மாற்றியும் இருக்கிறது. அதை வைத்து முதல் பாகத்தைத் தாண்டிக் குதிக்க வேண்டாம்.

மறு வாசிப்பு என்றால் தயங்காமல் ஆடியோவுக்குப் போங்கள்.

அச்சுப் புத்தகம் வாங்கும்போது

கல்கியின் எழுத்துகளைத் தமிழ்நாடு அரசு நாட்டுடைமை ஆக்கிவிட்டது. அதனால் யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், அச்சிடவும் செய்கிறார்கள். விலை குறைந்தது நல்ல விஷயம். ஆனால் தரம் பதிப்புக்குப் பதிப்பு மாறும். அட்டையையும் விலையையும் மட்டும் பார்த்து வாங்கிவிடாதீர்கள்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். தங்கைக்குப் பிறந்தநாள் பரிசாக ஒரு தொகுதி வாங்கிக் கொடுத்தேன். மூன்று வாரம் கழித்துப் போன் செய்தாள். "அண்ணா, 240ஆம் பக்கத்துக்கு அப்புறம் 257 வருது. என்ன ஆச்சுன்னே புரியல." பதினாறு பக்கம், ஒரு பாரம் முழுக்கவே பைண்டிங்கில் விட்டுப்போயிருக்கிறது. பில் தொலைந்துவிட்டதால் கடையில் மாற்றித் தரவில்லை. அந்தப் பதினாறு பக்கத்தை என் புத்தகத்திலிருந்து நகல் எடுத்து அனுப்பி வைத்தேன். அன்றிலிருந்து கடையில் நின்றபடியே பக்க எண்ணைப் பார்க்காமல் வாங்குவதில்லை. பதினாறு பதினாறாகத் தாவித் தாவிப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் ஒரு பாகம் முடியும். ஒரே பாரம் இரண்டு முறை சேர்ந்திருப்பதும் உண்டு.

அடுத்து, புத்தகத்தை நட்டநடுவில் விரியுங்கள். வரியின் ஓரத்து எழுத்துகள் முதுகு மடிப்புக்குள் போய் ஒளிந்துகொள்கின்றனவா? அப்படியானால் படிக்கும்போதெல்லாம் இரண்டு கையாலும் அழுத்திப் பிடிக்க வேண்டும், மூன்றாம் மாதம் முதுகு பிளந்துவிடும். ஒற்றைத் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். பின்பக்கத்து எழுத்து தெரிந்தால் இரவில் கண் வலிக்கும். பொருளடக்கத்தில் 57, 53, 46, 46, 91 வருகிறதா என்று பாருங்கள். 'சுருக்கம்' என்று எங்காவது சின்ன எழுத்தில் போட்டிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

ஐந்து பாகமும் ஒரே புத்தகமாக வரும் பதிப்பு அலமாரியில் அழகாக இருக்கும். ஆனால் படுத்துக்கொண்டு படிக்க முடியாது, பையில் போட முடியாது. வீட்டில் இருவர் ஒரே நேரத்தில் படிக்கவும் முடியாது. என் பேச்சைக் கேட்டால் ஐந்தும் தனித்தனியாக இருக்கும் செட்டையே வாங்குங்கள். ஒருவர் சுழற்காற்றில் இருக்கும்போது இன்னொருவர் புது வெள்ளத்தைத் தொடங்கலாம். எங்கள் வீட்டில் அப்படித்தான் நடந்தது. யார் எந்தப் பாகத்தை வைத்திருக்கிறார்கள் என்று சண்டையே வரும்.

படங்கள் வேண்டுமா என்பதையும் யோசியுங்கள். தொடராக வந்தபோது ஓவியர் மணியம் வரைந்த படங்கள் இந்தக் கதையோடு பிறந்தவை. குந்தவையின் கொண்டையும் வந்தியத்தேவனின் குதிரையும் பல குடும்பங்களில் அந்தக் கோடுகளாகவே நினைவில் நிற்கின்றன. எல்லாப் பதிப்பிலும் அவை இருக்காது. இருக்கிற பதிப்பு சற்று விலை கூடுதலாக இருந்தாலும், ஒரே முறைதான் வாங்கப்போகிறோம் என்றால் அதையே வாங்கலாம். அச்சு மட்டுமே தரக்கூடிய விஷயம் இது. கறுப்பு வெள்ளைக் கருவியின் சின்னத் திரையில் அந்த நுணுக்கமெல்லாம் மங்கிப்போகும்.

நிச்சயமில்லாமல் காசு போட மனமில்லையா? பக்கத்துக் கிளை நூலகத்தில் முதல் பாகத்தை மட்டும் எடுத்துப் படியுங்கள். பிடித்துவிட்டால் ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சியில் கழிவோடு வாங்கிக்கொள்ளலாம்.

கிண்டில், இ-ரீடர்

கருவி ஏற்கெனவே உங்களிடம் இருந்தால் இந்த நாவலுக்குச் செலவே இல்லை. நாட்டுடைமை என்பதால் மின்னூலைச் சட்டப்படி இலவசமாக எடுக்கலாம். தமிழ் நூல்களை இலவச மின்னூலாகத் தரும், 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் ஐந்து பாகமும் இருக்கின்றன. தமிழ் விக்கிமூலத்திலும் இருக்கிறது; அங்கிருந்து இபப் (EPUB, திரைக்கேற்ப எழுத்து அமையும் மின்னூல் வகை) கோப்பாக இறக்கிக்கொள்ளலாம்.

இபப் கோப்பையே தேடுங்கள், பிடிஎப் வேண்டாம். பிடிஎப்பில் பக்கம் அசையாது. ஆறு அங்குலத் திரையில் எழுத்து எறும்பு மாதிரி ஆகிவிடும், பெரிதாக்கினால் ஒவ்வொரு வரிக்கும் இடமும் வலமும் தள்ள வேண்டும். கிண்டிலுக்கு அனுப்ப அமேசானின் 'சென்ட் டு கிண்டில்' வசதி போதும், அது இபப்பை ஏற்கும். மோபி (MOBI) என்ற பழைய மின்னூல் வகைக் கோப்புகள் இப்போது அந்த வழியில் போகாது. அனுப்பியதும் முதல் பத்துப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். எழுத்தெல்லாம் கோணல் மாணலாகப் புரியாத குறிகளாக வந்தால் அது யூனிகோடுக்கு முந்தைய குறியாக்கத்தில் உள்ள கோப்பு. அதோடு போராடாமல் வேறு கோப்பு தேடுங்கள்.

ஐந்து பாகத்தையும் ஐந்து கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரே கோப்பாகப் போட்டால் ஒரு வாரம் படித்த பிறகும் கீழே 4 சதவீதம் என்றே காட்டும். பாதியில் விட்டவர்கள் பலரைச் சோர்வடைய வைத்தது அந்த எண்தான்.

அப்புறம் வரி அமைப்பு. தமிழ்ச் சொற்கள் நீளமானவை. 'பழுவேட்டரையர்களுடைய' என்ற ஒரு சொல் வந்தால் பாதி வரி போய்விடும். இருபக்கமும் சீராக நிற்கும்படி வைத்தால் மீதிச் சொற்களுக்கு நடுவே பெரிய பெரிய ஓட்டைகள் விழும். அமைப்பில் இடப்பக்கச் சீர் என்பதைத் தேர்ந்தெடுத்து, ஓரத்து வெற்றிடத்தைக் குறைத்து, எழுத்தை ஒரு படி சிறிதாக்கிப் பாருங்கள். கண் வரியில் வழுக்கிக்கொண்டு போகும்.

கருவியின் பெரிய பலம் தேடும் வசதி. இந்த நாவலுக்கு அது வரம் மாதிரி. ஆனால் தமிழில் தேடுவதற்கு ஒரு நுணுக்கம் உண்டு. 'பழுவேட்டரையர்' என்று முழுதாக அடித்துத் தேடினால் 'பழுவேட்டரையரின்', 'பழுவேட்டரையரை' என்று வரும் இடங்கள் விட்டுப்போகலாம், ஏனென்றால் அங்கே 'ர்' இல்லை. கடைசிப் புள்ளியை எடுத்துவிட்டு 'பழுவேட்டரையர' என்று அடியுங்கள். வந்தியத்தேவனையும் 'வந்தியத்தேவன' என்று தேடுங்கள். இன்னொன்று: நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரப் பகுதிகளைத் தேடும்போது 'பௌத்த' என்று அடித்து ஒன்றும் கிடைக்காவிட்டால், ஒற்றைக்கொம்பு போட்டுப் 'பெ', பிறகு 'ள', 'த்த' என்று அடித்துப் பாருங்கள். திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும், கருவிக்கு அவை வேறு வேறு. தட்டச்சு செய்தவர்கள் இரண்டு விதமாகவும் அடித்திருக்கிறார்கள்.

கண்ணில் சிரமம் உள்ளவர்களுக்கு எழுத்தைப் பெரிதாக்கும் வசதி ஒன்றே போதும், கருவி வாங்கலாம். மற்றவர்கள் இந்த ஒரு நாவலுக்காக மட்டும் கருவி வாங்க வேண்டாம். போனிலேயே படிக்கலாமே என்பவர்களுக்கு: படிக்கலாம், ஆனால் அறிவிப்புகளை நிறுத்திவிட்டுப் படியுங்கள்.

ஆடியோ

நாவலின் முதல் வாக்கியத்திலேயே கல்கி நம்மை 'நேயர்கள்' என்று சொல்லித்தான் அழைக்கிறார். வாசகர் என்று சொல்லவில்லை. நேயர் என்றால் இன்று நமக்கு வானொலி நேயர்தான் ஞாபகம் வருவார். அவர் பாட்டு எழுதியவர், 'கர்நாடகம்' என்ற பெயரில் கச்சேரி விமர்சனம் எழுதியவர். அவர் உரைநடை காதுக்கு எழுதின மாதிரியே ஓடும். ஆழ்வார்க்கடியானின் பாசுரங்களும், பூங்குழலி ஓடத்தில் பாடும் பாட்டும் கண்ணால் படிக்கும்போது பலர் தாண்டிப் போகிற இடங்கள். ஆடியோவில் அவைதான் மனதில் தங்கும்.

வாங்குவதற்கு முன் மாதிரிப் பகுதியைக் கேளுங்கள், 'ழ' வருகிறதா என்று பாருங்கள். சோழர், பழுவேட்டரையர், ஆழ்வார்க்கடியான், பூங்குழலி, பழையாறை, அருள்மொழி, ஈழம். இந்த நாவலின் முக்கியமான பெயர்கள் பலவற்றில் ழகரம். அது தவறினால் 293 அத்தியாயமும் தவறும். என் பெரியம்மாவுக்குக் கண்புரை அறுவைச் சிகிச்சை நடந்தபோது ஒரு பதிவைப் போட்டுவிட்டேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. "டேய், பூங்குளலின்னு சொல்றாண்டா. நிறுத்து அதை." நிறுத்தினேன். வேறு குரல் தேட ஒரு நாள் ஆனது.

ஒற்றைக் குரல், பல குரல் என்று இரண்டு வகை உண்டு. பாம்பே கண்ணன் பல கலைஞர்களை வைத்து நாடகம் போலவே ஒலிப்பதிவு செய்திருக்கிறார். முதல்முறை கேட்பவர்களுக்குப் பல குரல் நல்லது, பேசுவது யார் என்ற குழப்பம் வராது. ஏற்கெனவே படித்தவர்களுக்கு ஒற்றைக் குரலைச் சொல்வேன். உங்கள் மனதில் குந்தவைக்கு ஒரு குரல் இருக்கும், அதை யாரும் மாற்ற வேண்டாம்.

சுருக்கமா முழுமையா என்று கண்டுபிடிக்க வழி: அத்தியாயத்துக்குச் சராசரியாகப் பதினைந்து நிமிடம் என்று வைத்தால் 293க்கு 73 மணி நேரம் வரும். மொத்த நேரம் இதில் பாதிகூட இல்லையென்றால் அது சுருக்கம். தினம் நாற்பது நிமிடப் பயணத்தில் கேட்டால் நான்கு மாதம் ஓடும், ஆகவே மாதச் சந்தா கட்டும் செயலி என்றால் நான்கு மாதச் சந்தாவைக் கணக்கில் வையுங்கள்.

வேகத்தைக் கூட்டாதீர்கள். ஆங்கிலப் புத்தகத்தை ஒன்றரை மடங்கில் கேட்டுப் பழகியவர்கள் இங்கேயும் அதைச் செய்கிறார்கள். தமிழில் குறிலும் நெடிலும் ஒன்றோடொன்று மோதிவிடும், பாசுரம் பாழாகும். தூங்கும் முன் கேட்பதானால் டைமர் வைத்து அத்தியாய முடிவில் நிற்கச் செய்யுங்கள்.

கலந்து படிக்கிறவர்களுக்கு

வீட்டில் புத்தகம், பயணத்தில் காது என்று போகிறவர்கள் இடம் தவறுவது பக்க எண்ணால்தான். பக்கம் பதிப்புக்குப் பதிப்பு மாறும், கிண்டிலில் பக்கமே வேறு. பாகத்தின் பெயரையும் அத்தியாய எண்ணையும் மட்டும் குறியுங்கள்: 'கொலை வாள் 23'. எந்த வடிவத்துக்குப் போனாலும் அது மாறாது. அத்தியாயத்தின் நடுவில் மட்டும் வடிவம் மாற வேண்டாம், முடித்துவிட்டு மாறுங்கள்.

பெரியம்மாவுக்கு இப்போது கண் தெளிவாகிவிட்டது. பகலில் தானே படிக்கிறார், மணிமகுடம் மணியம் படங்களோடு மடியில் இருக்கிறது. சாயங்காலம் கண் களைத்ததும் போனில் போட்டுவிடச் சொல்வார். புத்தகத்துக்குள் செருகியிருக்கும் காலண்டர் தாளில் பென்சிலால் எழுதி வைத்திருப்பார். நேற்று பார்த்தேன்: 'மணி. 31. இனி கேட்கணும்.'